முதல் சைக்கிள்: ஒரு கோணத்தின் வரலாறு

திருவொற்றியூரில் வசிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வியோடு வந்தான். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளன். கடலோரத்தில் வளர்ந்தவன் என்பதால் நீச்சலை அவன் தனியாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாண்டுகளாக விடியற்காலையில் ஓடிக்கொண்டும் இருக்கிறான். இவற்றோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டால் டிரையத்லான் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் நீச்சல், ஈரம் காய்வதற்குள் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். மூன்றுக்கும் ஒரே கடிகாரம். புதியவர்கள் பெரும்பாலும் தொடங்கும் ‘ஸ்பிரிண்ட்’ தூரம் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். “மாமா, எந்த சைக்கிள் வாங்கலாம்?” என்பதுதான் அவன் கேள்வி.

அவனிடம் சில மாதச் சம்பளம் சேமிப்பாக இருந்தது. அந்தப் பணத்துக்கு அவன் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டிரையத்லானுக்கென்றே வடிவமைக்கப்பட்ட, வேறொருவர் ஓட்டிப் பழையதாகிவிட்ட சைக்கிள். மற்றொன்று, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் கொண்ட, சாலைப் பந்தயங்களில் பார்க்கும் வகையிலான புதிய சைக்கிள். அவன் மனம் முதலாவதில் இருந்தது. கைப்பேசியில் காட்டினான். நிற்கும்போதே ஓடுவதுபோல் இருந்தது அந்த வண்டி.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சீட்டைத் தாங்கும் குழாய் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நின்றது. என் தந்தையாரின் சைக்கிளில் அதே குழாய், ஈசிச் சேரில் சாய்ந்த மனிதரைப்போல் பின்னால் சரிந்திருக்கும். இரண்டுக்கும் இடையில் பத்துப் பாகைக்குச் சற்று அதிகமான வேறுபாடுதான் இருக்கும். அந்தப் பத்துப் பாகைக்குள் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வதே அவன் கேள்விக்குச் சரியான விடையாக இருக்கும் என்று தோன்றியது.

*

இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் உருவம் 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டியிலிருந்து தொடங்குகிறது. ஏறக்குறைய சம அளவுள்ள இரு சக்கரங்கள், நடுவில் பெடல், சங்கிலி வழியே பின்சக்கரத்துக்குச் செல்லும் விசை. மூன்றாண்டுகளில், 1888இல், டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியாவில் ஒரு பொது உருவம் நிலைபெற்றுவிட்டது: 28 அங்குலச் சக்கரம், நீண்ட அடித்தளம், கம்பி பிரேக், மட்கார்டு, செயின் கவர், சுருள்வில் வைத்த அகன்ற தோல் சீட். ‘ரோட்ஸ்டர்’ என்று அதற்குப் பெயர்.

இந்த ரோட்ஸ்டரில் சீட் குழாய் தரையோடு சுமார் 65 முதல் 68 பாகைக் கோணத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். காரணமில்லாமல் இல்லை. அன்றைய சாலைகள் கப்பிக்கல்லும் புழுதியுமானவை. ஓட்டுபவரின் எடை பின்சக்கரத்தை நோக்கித் தள்ளப்பட்டால் முன்சக்கரம் குழியில் இறங்கும்போது கை அதிராது. உடல் நிமிர்ந்திருக்கும், தொப்பியும் வேட்டியும் சேலையும் கலையாமல் உட்காரலாம். பின் கேரியரில் மூட்டை ஏற்றினாலும் வண்டி நிலைகுலையாது. விலையாகக் கொடுக்க வேண்டியது வேகத்தை மட்டுமே. வேகம் அந்த வண்டியின் நோக்கமும் அல்ல.

விடுதலைக்கு முன் இந்த வண்டிகள் பெரும்பாலும் கப்பலில்தான் சென்னைக்கு வந்தன. விடுதலைக்குப் பின் இறக்குமதிக்கு மாற்றாக உள்நாட்டு உற்பத்தி என்பது அரசின் கொள்கையாயிற்று. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. தொழிற்சாலை, வடசென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் அமைந்தது. 1951இலிருந்து அங்கே ஹெர்குலிஸ் சைக்கிள்கள் உருவாயின. அதற்குத் தேவையான எஃகுக் குழாய்களுக்கென ஆவடியில் இன்னொரு ஆலை வந்தது. அதே ஆண்டுகளில் சோனிப்பட்டில் அட்லஸ், அசன்சோலில் சென்-ராலே, சற்றுப் பின்னர் லூதியானாவில் ஹீரோ என நாடெங்கும் சைக்கிள் ஆலைகள் எழுந்தன.

என் தந்தையாரின் தலைமுறைக்கு ‘எந்த சைக்கிள்?’ என்ற கேள்வி மிகுந்த கௌரவம் உடையது. ஹெர்குலிஸ்காரர்கள், பி.எஸ்.ஏ.காரர்கள், பிலிப்ஸ்காரர்கள் என்று தெருவில் கட்சிகளே இருந்தன. எது கனம், எது இலேசு, எதன் பெயின்ட் உதிராது என்றெல்லாம் திண்ணைகளில் வாதம் நடக்கும். பின்னாளில் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. இம்மூன்று பெயர்களும் அம்பத்தூரின் அதே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. இங்கிலாந்திலும் பிலிப்ஸ் முன்பே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கையில் இருந்தது. ஹெர்குலிஸ் 1946இலும், பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவு அதற்குப் பின்னரும் அதனிடம் சேர்ந்தன. ஆக, திண்ணையில் நடந்த சண்டை பெரும்பாலும் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத்தைப் பற்றிய சண்டைதான். வண்டியின் எலும்புக்கூடு ஒன்றே.

அந்த எலும்புக்கூடு நெடுங்காலம் மாறவுமில்லை. உற்பத்திக்கு உரிமம் வேண்டும், இறக்குமதிக்குத் தடை உண்டு, வாங்கக் காத்திருப்போரோ ஏராளம் என்ற நிலையில் எந்த ஆலையும் வடிவத்தை மாற்றிப் பார்க்க வேண்டிய தேவையை உணரவில்லை. எண்பதுகளில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற சற்று இலேசான வண்டிகள் கல்லூரி மாணவர்களை ஈர்த்தன. இருந்தாலும் தெருவில் ஆட்சி செய்தது கறுப்பு ரோட்ஸ்டர்தான்.

*

இதில் இன்றைய பையனுக்குப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. அது அளவைப் பற்றியது.

நம் ஊரில் பரவலாகக் கிடைத்த ரோட்ஸ்டர்களின் ஃபிரேம் அளவு 22 அங்குலம் அல்லது 24 அங்குலம். சீட் குழாயின் நீளமே இந்த அளவு. 24 அங்குலம் என்றால் 61 சென்டிமீட்டர். சாலைப் பந்தய சைக்கிள்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: உள்கால் நீளத்தை, அதாவது தரையிலிருந்து தொடையிடுக்கு வரையிலான உயரத்தை, 0.65ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு கிடைக்கும். அந்தக் கணக்கு ரோட்ஸ்டருக்கு அப்படியே பொருந்தாது எனினும் ஒப்பிடுவதற்கு உதவும். 61 சென்டிமீட்டர் ஃபிரேம் பொருந்த வேண்டுமானால் உள்கால் ஏறக்குறைய 94 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயர்ந்த ஒருவரின் கால் அது. 22 அங்குலத்துக்கே 86 சென்டிமீட்டர் தேவை. நம் தெருக்களில் அந்த உயரம் எத்தனை பேருக்கு இருந்தது? சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, அப்படியும் பாதம் எட்டாமல், இடுப்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி மிதித்துப் போன மனிதர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது அவர்களின் நடை என்று நினைத்தோம். உண்மையில் அது அவர்களுக்காகச் செய்யப்படாத ஒரு சட்டகத்துக்கு அவர்களின் உடல் சொன்ன பதில்.

குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. பாரில் உட்காரவும் முடியாது. ஆகவே காலைப் பாருக்கு அடியில், முக்கோணத்துக்குள் நுழைத்து, உடலைப் பக்கவாட்டில் வளைத்து, பாதிப் பாதியாக மிதித்துக் கற்றோம். குரங்குப் பெடல் என்று அதற்குப் பெயர். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையைத் தழுவி 2024இல் வெளிவந்த திரைப்படம் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துக்கொண்டது. இன்று நினைத்தால் இனிய நினைவு. ஆனால் அந்த இனிமைக்கு அடியில் ஒரு செய்தி இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு சைக்கிள் கற்பது என்பது, பொருந்தாத பொருளுக்குள் உடலைப் பொருத்தக் கற்பது. பெண்களுக்கு அதுகூட நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றபோது, பெண்களுக்கான வண்டிகள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஏறினர்.

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு எனத் தொடங்கிப் பின்னர் விரிவுபெற்ற தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம், பதின்வயதுப் பிள்ளைகள் அப்பாவின் வண்டிக்குக் காத்திராமல் தங்களுக்கென ஒன்றைப் பெறும் நிலையை உருவாக்கியது. குரங்குப் பெடல் அருகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

*

இனி அந்தப் பையனின் ஊருக்கு வருவோம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடற்கரைப் பட்டை, சக்கரங்களின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாயிற்று. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிகளுக்குப் புகழ்பெற்றது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் ஆலை திறந்தது.

அந்த ரெட்டிச் நிறுவனத்தின் பெயர் ‘என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி’ என்பது பலர் கவனிக்காத செய்தி. 1890களில் சைக்கிள் செய்து வளர்ந்து, 1901இல் மோட்டார் சைக்கிளுக்கு மாறிய நிறுவனம் அது. புல்லட்டின் சங்கிலிக்கும் ஃபிரேமுக்கும் பாட்டன் ஒரு மிதிவண்டி. அந்தப் பாட்டனின் மற்ற பேரர்கள் அம்பத்தூரில் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், புல்லட் திருவொற்றியூரில் உருவாயிற்று. புல்லட் செய்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்தது சைக்கிளில்தான். ஷிப்ட் விடும் நேரத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை நிறைத்த கறுப்பு வண்டிகளின் மணியோசை முந்தைய தலைமுறையினரின் காதில் இன்னும் இருக்கும்.

இந்தப் பட்டைக்கு இன்னொரு வண்டியும் உண்டு: மீன்பாடி வண்டி. முன்னால் இரண்டு சக்கரங்களின் மேல் பலகைத் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரமும் ஓட்டுபவரும். மீன் கூடை, பனிக்கட்டி, கட்டில், பீரோ என எதையும் ஏற்றும். பின்னாளில் பழைய மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் என்ஜின்களைப் பொருத்திக்கொண்டு மிதிப்பதிலிருந்தும் விடுபட்டது. பெரிய ஆலை எதுவும் அதை வடிவமைக்கவில்லை. பட்டறைக்காரர்கள் வெல்டிங் வைத்து உருவாக்கினார்கள். தேவை முதலில், வடிவம் பின்னர். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டுமே செய்யப்பட்ட சைக்கிள் எது என்று கேட்டால், வடசென்னைக்காரர்கள் டிரையத்லான் சைக்கிளைக் காட்ட வேண்டியதில்லை. காசிமேட்டில் நிற்கிறது.

*

டிரையத்லான் சைக்கிளும் அப்படித்தான் பிறந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இன்றைய வடிவில் இப்போட்டி 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாவில் நடந்தது. அதில் கலந்துகொண்ட கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் பின்னர் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தபோது, அங்கிருந்த மூன்று தனித்தனி நெடுந்தூரப் போட்டிகளை ஒரே நாளில் கோத்தால் என்ன என்று யோசித்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் ‘அயர்ன்மேன்’ போட்டியில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முதலில் வந்த கோர்டன் ஹாலருக்கு ஆன நேரம் 11 மணி 46 நிமிடம் 58 வினாடி. டிரையத்லான் சைக்கிள் என்ற ஒன்று அப்போது உலகிலேயே கிடையாது. கிடைத்த சைக்கிளில் ஓட்டினார்கள்.

அடுத்த பத்தாண்டுகளில் ஓட்டியவர்களின் உடல்கள் இரண்டு செய்திகளைக் கண்டுசொல்லின. முதலாவது, காற்று. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகப் போக, ஓட்டுபவர் செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அந்தத் தடையிலும் பெரும்பகுதி வண்டியால் அல்ல, நிமிர்ந்த உடலால் வருவது. வேகம் இரு மடங்கானால் அதற்கு வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆகவே குனிய வேண்டும். 1980களின் பிற்பாதியில், முன்னங்கைகளை ஊன்றி இரு கைகளையும் முன்னே ஒடுக்கி நீட்டிக்கொள்ளும் ஏரோபார் வந்தது. அதை முதலில் பரவலாக ஏற்றுக்கொண்டவர்கள் டிரையத்லான்காரர்கள்தான். 1989இல் டூர் டி பிரான்ஸ் போட்டியின் இறுதி நாளில் 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமோண்ட், அந்தக் கம்பியைப் பிடித்து 24.5 கிலோமீட்டர் ஓட்டி, லோரான் ஃபின்யோனை மொத்தக் கணக்கில் 8 வினாடியில் வென்றபோது உலகமே அதைக் கவனித்தது.

இரண்டாவது செய்தி இடுப்பைப் பற்றியது. சாலைப் பந்தய சைக்கிளின் சீட் குழாய் 72 முதல் 74 பாகையில் நிற்கும். அதில் மிகவும் குனிந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும். டிரையத்லான்காரர்கள் சீட்டை முன்னே தள்ளிப் பார்த்தார்கள். உடல் முழுவதும் பெடல் அச்சைச் சுற்றி ஒரு கடிகார முள்போல் முன்னோக்கிச் சுழல, குனிந்தும் இடுப்பு விரிந்தே இருந்தது. 1987இல் நீச்சல் உடை செய்யத் தொடங்கிய குயின்டானா ரூ நிறுவனத்தின் டான் எம்ஃபீல்ட், 1989இல் இதையே சட்டகமாக்கி ‘சூப்பர்ஃபார்ம்’ என்ற வண்டியை வெளியிட்டார். 76 முதல் 80 பாகை வரையிலான நெட்டுக்குத்தான சீட் குழாய், டிரையத்லான் சைக்கிளின் அடையாளமாயிற்று. இந்த இருக்கை, இறங்கியபின் வரும் ஓட்டத்துக்கும் உதவும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2000இல் வெளியான ஓர் ஆய்வு, 73 பாகையைவிட 81 பாகையில் ஓட்டி இறங்கியவர்கள் விரைவாக ஓடியதைக் காட்டியது.

உலக சைக்கிள் சங்கம் இதை எளிதில் ஏற்கும் இயல்புடையதல்ல. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் சாய்ந்தமர்ந்து ஓட்டும் வண்டியில் ஒரு மணி நேரச் சாதனையை முறியடித்தபோது, அடுத்த ஆண்டே அவ்வகை வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கியது அது. டிரையத்லான் அந்தச் சங்கத்தின் ஆளுகைக்கு வெளியே வளர்ந்ததால்தான் அதன் சைக்கிள் வேறு உருவம் எடுக்க முடிந்தது. ஆனால் ஒரு முரண் உண்டு. 2000இல் சிட்னியில் டிரையத்லான் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமாக ஓட்டுவதற்கு அனுமதியிருந்தது. கூட்டத்துக்குள் ஏரோபாரில் படுத்திருந்தால் விபத்து நிச்சயம். ஆகவே ஒலிம்பிக் டிரையத்லான் வீரர்கள் ஓட்டுவது சாதாரண சாலைப் பந்தய வகை சைக்கிள். டிரையத்லான் சைக்கிள் பயன்படுவது, யார் பின்னாலும் ஒட்டாமல் தனியாகக் காற்றோடு போராடும் போட்டிகளில் மட்டும்.

*

இவ்வளவையும் சொன்னபிறகு பையன் பொறுமையிழந்து, “அப்ப எது வாங்கறது?” என்றான். நியாயந்தான்.

வரலாறு எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் நீயும் நட என்றேன். அவர்கள் முதலில் சாதாரண சாலை சைக்கிளில் ஓட்டினார்கள். பிறகு கம்பி சேர்த்தார்கள். பிறகு சீட்டை நகர்த்தினார்கள். கடைசியில்தான் தனி வண்டி செய்தார்கள். ஒவ்வொரு படியிலும் உடல் கேட்டது, இரும்பு பதில் சொன்னது. கடைசிப் படியில் முதலில் ஏறுபவன், தன் உடல் இன்னும் கேட்காத கேள்விக்கு வேறொருவர் உடலிலிருந்து வந்த விடையை விலைக்கு வாங்குகிறான். பழைய டிரையத்லான் சைக்கிள் என்பது யாரோ ஒருவரின் கைநீளத்துக்கும் முதுகின் வளைவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று அளவு பாராமல் வாங்கினால் அது இன்னொரு குரங்குப் பெடல். அப்பாவின் 24 அங்குலத்துக்குப் பதில் முன்பின் தெரியாதவரின் கார்பன் ஃபிரேம், அவ்வளவுதான்.

எனவே முதலில் அளவு. சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு புத்தகத்தைத் தொடையிடுக்கில் அழுத்திப் பிடித்து உள்காலை அளக்கச் சொன்னேன். 78 சென்டிமீட்டர் வந்தது. லெமோண்ட் பெயரால் வழங்கும் கணக்குப்படி அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம், ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். இது தொடக்கப் புள்ளி மட்டுமே; சில வாரம் ஓட்டியபின் முழங்காலே திருத்தம் சொல்லும். ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதைக் கடையில் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சீட்டை ஏற்றி இறக்கலாம்; குட்டையான ஃபிரேமை நீட்ட முடியாது.

இரண்டாவது, சாலை. அவன் பயிற்சி செய்யப்போவது ஹவாய்த் தீவின் எரிமலைப் பாறைகளுக்கிடையே அல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே. டிரையத்லான் சைக்கிளில் ஏரோபாரைப் பிடித்திருக்கும்போது விரல்களுக்கு அருகில் பிரேக் இருக்காது. பிரேக் பிடிக்கக் கையை எடுத்து அடிக்கம்பிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு வினாடி, கடற்கரைச் சாலையின் வெறுமையில் ஒன்றுமில்லை. லாரி திரும்பும் இடத்தில் அதுவே எல்லாம். சாலை சைக்கிளில் கை இருக்குமிடத்திலேயே பிரேக் இருக்கிறது. 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் அகலமான டயர் நுழையுமளவு ஃபிரேமில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். ரோட்ஸ்டரை வடிவமைத்தவர்கள் அகன்ற டயரைத் தந்தது அறியாமையால் அல்ல என்பதை நம் சாலைகள் தினமும் நினைவூட்டுகின்றன.

மூன்றாவது, எதிர்பார்ப்பு. 20 கிலோமீட்டரை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 48 நிமிடம். நல்ல வண்டியும் குனிந்த உடலும் சேர்ந்து வேகத்தை 27 ஆக்கினால் 44 நிமிடம் சொச்சம். மிச்சமாவது மூன்றரை நிமிடம். ஒரு பஞ்சரை ஒட்டத் தெரியாமல் நின்றால் அதைப்போல் மூன்று மடங்கு போய்விடும். ஆகவே டியூப் மாற்றப் பழகுவது முதல் ‘ஏரோ’ முதலீடு என்றேன். அடுத்தது கடல் உப்பு. அலுமினிய ஃபிரேம் துருவேறாது என்றாலும் சங்கிலியும் திருகாணிகளும் ஏறும். கடலோரத்தில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். இதை அவன் பாட்டனார் கட்டுமரத்துக்கும் வலைக்கும் செய்திருப்பார்.

ஓராண்டு ஓட்டியபின், முதுகும் கழுத்தும் குனியக் கற்றபின், சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஏரோபாரை அதே ஹேண்டில்பாரில் பூட்டிக்கொள்ளலாம். போட்டியின் விதி அனுமதிக்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் பின், நெடுந்தூரப் போட்டி வேண்டுமென்று தோன்றினால், அப்போது தன் அளவு தெரிந்தவனாக அந்த நெட்டுக்குத்தான குழாயைத் தேடிப் போகலாம்.

*

பையன் சாலை சைக்கிளே வாங்கினான். பழைய டிரையத்லான் வண்டி அவனுக்கு இரண்டு அளவு பெரியது என்று நேரில் பார்த்தபின் தெரிந்ததாம்.

எனக்கு மிச்சமிருக்கும் கவலை வேறு. நீந்தக் கடலும், ஓட்டச் சாலையும், ஓட மணலும் ஒன்றாக வாய்த்த நிலப்பகுதி இது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் அள்ளிய இளைஞர்களை நாம் பார்த்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் படர்ந்தது. அவன் நீந்தக் கற்ற நீர் அது. சாலையும் லாரிகளுடையது. ஆக, ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன் சைக்கிளை நகரத்தின் வழியாக மிதித்துக்கொண்டு தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறான். நாட்டுக்கு டயரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்துகொடுத்த ஊரின் பிள்ளை, அச்சமின்றி மிதிப்பதற்கு ஒரு சாலையைத் தேடி ஊரின் மறுமுனைக்குப் போக வேண்டியிருக்கிறது.

பொருந்தாத ஃபிரேமுக்குள் உடலை வளைத்துப் பழகிய காலம் ஒருவழியாக முடிந்துவிட்டது. பொருந்தாத ஊருக்குள் அதே வளைவு இன்னும் தொடர்கிறது. சைக்கிளை அளந்து வாங்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஊரை அவன் அளவுக்கு மாற்றித் தருவது ஒரு மாமாவால் ஆகிற காரியமல்ல.